பக்கத்துல யாரு இருக்கா?

செருப்பெல்லாம் கழட்ட வேண்டாமுங்க தம்பி. இது வண்டி ஷெட்டுதான், சாமி ரூம் இல்ல. கழட்டிட்டீங்களா? செரி, கழட்டுனதும் நல்லதுதான். வண்டிக்குள்ளார போட்டிருக்கற மேட்டு புதுசு.

விளம்பரத்தப் பாத்துட்டுத்தான வந்தீங்க? அத நான் போடலீங்க. என்ற பையன் சபரீஷ் போட்டது. பெங்களூர்ல உக்காந்துட்டு, பெத்த அப்பன ஒரு வார்த்த கேக்காம போட்டுட்டான். வண்டியப் போட்டோ எப்ப எடுத்தான்னுகூட எனக்குத் தெரியாது. போன் நம்பர் மட்டும் என்ற நம்பரு. அதப் பாத்துட்டு ஆளுக வந்துட்டே இருக்கறாங்க. ஊடு தேடி வந்தவங்கள வாசல்லயே வெச்சுத் திருப்பி அனுப்பறது நம்ம பக்கம் பழக்கம் இல்லீங்களே. அதனால காட்டறேன். புடிச்சா வாங்குங்க, புடிக்காட்டிப் போங்க.

ஆனா ஒண்ணுங்க. மத்தவங்க வந்ததும் பெயிண்டத் தடவிப் பாத்தாங்க. நீங்க மொதல்ல குனிஞ்சு அடியில ஆயில் சொட்டுதான்னு பாத்தீங்க. அதுலயே தெரிஞ்சுபோச்சு, வண்டி தெரிஞ்ச ஆளு. உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணும். கடைசீல கேக்கறேன். மூஞ்சிக்காகச் சொல்லாம, உள்ளதச் சொல்லோணும். என்ற பையன் ஊட்டுப் படியேறி ஒரு வருசமாச்சு. நீங்க ஒருத்தர் சொல்லிட்டீங்கன்னா, 'வண்டி தெரிஞ்சவரே இப்படிச் சொல்றாருடா'ன்னு அவனுக்குப் போனப் போட்டுச் சொல்லிருவேன். அதுக்கு ஒரு ஆளு சிக்காமத்தான் தவிச்சுட்டுக் கெடக்கறேன்.

டீ வரும், உக்காருங்க. எதுத்தூட்டுல இருந்து குடுத்தனுப்புவாங்க. இங்க போடறதுக்கு ஆளில்ல.

இந்த வண்டி வாங்கறப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா? பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்லுக்காரர் தோட்டத்துல, தென்னமட்டயப் போட்டு மூடிக் கெடந்துச்சு. பின்சீட்டுல கோழி முட்டையிட்டு அடகாத்துட்டு இருக்குது. பொய் சொல்லலீங்க. கோழிய எறக்கிவுட்டுட்டுத்தான் வண்டிய லாரியில ஏத்துனோம். பாத்தவனெல்லாம் சிரிச்சான். எதுத்தூட்டுத் துரைசாமி கேட்டாரு, "ஏனுங் நாச்சிமுத்தண்ணா, ரிட்டையர்டு பணத்துக்கு ரெண்டு எரும வாங்கியிருந்தாலும் பாலாவது கறந்திருக்குமே"ன்னு. சிரிங்கடா சிரிங்கன்னு நானு பாட்டுக்கு வேலையப் பாத்தேனுங்க. பம்ப்செட்டுக் கம்பெனியில மெயின்டனன்ஸ் பாத்து மண்ட நரச்சவன் நானு. செத்த மோட்டாரெல்லாம் என்ற கையில மூச்சு வுட்டிருக்குது. ஜெர்மன்காரன் செஞ்ச வண்டி வுடாதா?

இஞ்சின் வேல மட்டும் ஜக்கரியான்னு ஒரு மெக்கானிக் பாத்தாரு. வயரிங் முழுக்க நானு. எலி தின்னு, மக்கி, தொட்டா உதுருது. ஒவ்வொரு வயரா உருவிப் போட்டுப் புதுசு இழுத்தேன். இந்தா, இந்தப் பியூஸ் பாக்ஸப் பாருங்க. எவனாச்சும் இத்தன சுத்தமாக் கட்டுவானா? ஏசி, அவங்கூர்க் குளிருக்கு வெச்ச ஏசி, நம்ம சித்திர வெயிலுக்குத் தாங்குமா? கம்ப்ரசர மாத்தி, ஃபேன ரெண்டாப் போட்டேன். பின்னாடி கேமரா. பாட்டுக்கு ஸ்கிரீனு. லைட்டெல்லாம் பளிச்சுனு. ஆனா வெளிய இருந்து பாத்தா எல்லாம் பழசு பழசாவே இருக்கோணும். அதுதாங்க வேல.

எதுக்குங்கறீங்க? கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாக்கறதுக்கு இல்லீங்க. நித்தமும் ஓட்டறதுக்கு! பால் வாங்க, கறிகாய் வாங்க, கரண்டு பில்லு கட்ட, எல்லாத்துக்கும் இதுதான். ஊட்டுல இருந்த சின்னக் கார வித்துப்போட்டேன். வசந்தாமணி, என்ற சம்சாரமுங்க, அவ ஒரு மொபெட்டு வெச்சிருந்தா, மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அதுலதான் பறப்பா. அதையும் வித்துட்டேன். ஜெர்மன் வண்டி வாசல்ல நிக்கறப்ப என்ற பொண்டாட்டி மொபெட்டுல போனா பாக்கறவன் என்ன நெனைப்பான்? ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தா. அப்புறம் செரியாயிட்டா. அவ நெம்ப நல்லவளுங்க. எதையும் மனசுல வெச்சுக்க மாட்டா.

அவளுக்கு நான் ஒண்ணுமே பண்ணலங்கற மாதிரி இவன் பேசறான் பாருங்க, அதுதான் வவுறு எரியுது. இந்த சீட்டு நெறம் யாரு சொன்னது? அவதான். "காப்பிப்பொடி நெறத்துல போடுங்க, அழுக்குத் தெரியாது"ன்னா. போட்டேன். இது கியர் வண்டியா வந்ததுங்க. அவ ஓட்டப் பழகோணும்னு ஆசப்பட்டா. எடது முட்டி வலி, கிளட்ச்ச மிதிக்க முடியாது. அதுக்குன்னே கியர்பாக்ஸக் கழட்டி வீசிட்டு ஆட்டோமேட்டிக் மாத்துனேன். ஜக்கரியா தலைல அடிச்சுக்கிட்டாரு. எந்தப் புருசன் பண்ணுவான், சொல்லுங்க?

ஓட்டுனாளான்னா... ஒரு நாளு ஓட்டுனா. கொடீசியா மைதானத்துப் பக்கம் காலி எடத்துல. வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ்ல போட்டுட்டா, டமார்னு ஒரு சத்தம். நானும் ஒரு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் அவளே வேண்டாம்னுட்டா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க.

இப்ப ஒரு சுவிட்சு விசயத்துக்கு வர்றேன்.

இந்த மாதிரிப் பழைய வண்டிக்குச் சாவியெல்லாம் பேருக்குத்தானுங்க. தெரிஞ்சவனுக்கு ஒரு திருப்புளி போதும். எங்க மொதலாளி மச்சான் வண்டி கல்யாண மண்டபத்து வாசல்லயே போயிருச்சு. பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுட்டு வெளிய வர்றாரு, வண்டியக் காணோம். இத்தன பாடுபட்டு எழுப்புன வண்டிய அப்படி வுட முடியுங்களா? அதனால பெட்ரோல் பம்புக்குப் போற வயர்ல ஒரு சுவிட்சு வெச்சேன். அதத் தட்டலீன்னா இஞ்சின் கர்ர் கர்ர்னு சுத்தும், சுத்தும், புடிக்காது. சுத்திச் சுத்திப் பேட்டரி எறங்குனாலும் புடிக்காது. அது எங்க இருக்குதுன்னு ஜக்கரியாவுக்கே தெரியாதுங்க! அவரே ஒரு மத்தியானம் பூராத் தேடிட்டு, "அண்ணா, கும்புடு போட்டுக்கறேன்"ன்னுட்டாரு. அன்னிக்கு எனக்கு எத்தன பெரும!

சாவி ஆணியிலதான் தொங்கும். சாவிய நான் ஒளிச்சதே கெடையாது. யாரு வேணும்னாலும் எடுக்கலாம்.

வசந்தாமணி கேட்டாதான். இல்லீங்கல. "ஏனுங்க, எனக்காச்சும் அது எங்கன்னு சொல்லி வைங்க, ஆத்திர அவசரத்துக்கு ஆகும்"ன்னா. "ஆத்திர அவசரத்துக்குத்தான் நான் இருக்கறன்ல?"ன்னேன். "நீங்க இல்லாதப்ப?" "நான் எங்க போகப்போறேன்?" அவ சிரிச்சா. "நாளைக்கு நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னா இந்த வண்டிய உங்க கூடவே வெச்சுப் பொதச்சுர வேண்டியதுதான்"ன்னா. நானும் சிரிச்சேன். அவ வாயி அப்படி. அவகிட்டச் சொன்னா அவ தங்கச்சிகிட்டச் சொல்லுவா, தங்கச்சி தெருவுக்கே சொல்லுவா. ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அப்புறம் அது என்னங்க ரகசியம்? சபரீஷும் கேட்டான். காலேஜ் படிக்கறப்ப அம்மா மொபெட்ட எடுத்துட்டுப் போயி மூஞ்சியப் பேத்துட்டு வந்தவன் அவன். அவங்கிட்டச் சொல்லுவனா?

போன வருசம் ஆயுத பூஜைக்கு மொத நாளுங்க.

நோம்பிக்கு முன்னாடி பட்டறைக்காரங்கெல்லாம் ஒதுங்க வெக்கறது உங்களுக்கே தெரியும். வருசம் பூரா மூலையில கெடந்த சாமானெல்லாம் அன்னிக்குத்தான் வெளிய வரும். உக்கடத்துல பழைய சாமான் கடைக்கு வந்து குமியும். பூஜைக்கு எடத்தக் காலி பண்ணோணுமே, வந்த வெலைக்குத் தள்ளிவுடுவாங்க. பழைய வண்டி வெச்சிருக்கறவனுக்கு அதுதாங்க நோம்பி. இந்த எடது பக்கத்து ஹெட்லைட்டுக் கண்ணாடி, அது உள்ளூர்ச் சரக்கு, பாத்தா தெரியும், ஒரிஜினல்ல இருக்கற வரிக்கோடு இதுல ஓடாது. ஒரிஜினல் ஒண்ணு வந்திருக்குதுன்னு கடைக்காரர் போன் பண்ணிட்டாரு. வண்டியக் கழுவித் தொடச்சுப் பூஜைக்கு நிறுத்தியாச்சு. கழுவி நிறுத்துனா, பூஜை முடிஞ்சு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தற வரைக்கும் எடுக்கறதில்ல. அதனால பஸ்ஸுலதான் போனேன். கெளம்பறப்ப வசந்தாமணி படிக்கட்டுல உக்காந்திருந்தா. "நெஞ்ச ஒரு மாதிரி அடைக்குது, வாயுவாட்ட இருக்குது"ன்னா. "ஓமத்தண்ணி குடி"ன்னுட்டுப் போனேன். வாயுன்னு அவதானுங்க சொன்னா. நானாச் சொல்லல.

உக்கடத்துல என்ன கூட்டங்கறீங்க! எள்ளு போட்டா எண்ணெய் ஆயிரும். எனக்கு முன்னாடியே ஒரு திருப்பூர்க்காரன் அந்தக் கண்ணாடியக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறான். எனக்கு உசுரே இல்ல. அவன் கீழ வெச்சதும் எடுத்தரோணும்னு பக்கத்துலயே நிக்கறேன். அந்நேரம் பாத்துப் போனு.

சபரீஷ். நோம்பிக்கு லீவுல வந்திருந்தான். "அப்பா, அம்மாவுக்கு முடியல. வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டீங்குது. அந்த சுவிட்சு எங்க இருக்குது?"ங்கறான். அங்கயும் ஒரே சத்தம், நாலஞ்சு பேரு பேசறது கேக்குது. நான் என்ன கேட்டேன்? "பக்கத்துல யாரு இருக்கா?"ன்னு கேட்டேன். அது ஒரு தப்பாங்க? "துரைசாமி அண்ணன் இருக்காரு, கேஸு சிலிண்டரு போட வந்தவரு இருக்காரு, எல்லாரும் இருக்காங்க, சொல்லுங்கப்பா"ன்னான். "செரி, அவங்களையெல்லாம் அக்கட்டப் போகச் சொல்லிட்டுத் திருப்பிக் கூப்புடு"ன்னு சொல்லிட்டுப் போன வெச்சேன். அப்பத்தான் திருப்பூர்க்காரன் கண்ணாடியக் கீழ வெச்சான்.

அவ்வளவுதாங்க நடந்தது. நான் சொல்ல மாட்டேன்னு சொன்னனா? இல்லியே. திருப்பிக் கூப்புடுன்னுதான சொன்னேன்! கூப்புட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கூப்புடவே இல்லீங்க. நானும் கண்ணாடியப் பேப்பர்ல சுத்தி வாங்கிட்டு, போன எடுத்து எடுத்துப் பாக்கறேன். கூப்புடல. செரி, வாயு செரியாப் போச்சாட்டன்னு நெனச்சேன். முடியலன்னா என்னன்னு எடுத்துக்கறது? தலவலின்னாலும் முடியலதான், முட்டிவலின்னாலும் முடியலதான். நெஞ்சு வலி, உசுருக்குப் போராடறான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சந்தையில நின்னு கத்திச் சொல்லியிருக்க மாட்டனா? சொல்லத் தெரியல அவனுக்கு. படிச்சு என்ன பிரயோசனம்?

அதுக்கப்புறம் அவங்க பண்ணுன காரியத்தக் கேளுங்க. தள்ளுனாங்களாமுங்க! அவளப் பின்சீட்டுல படுக்க வெச்சுட்டு, துரைசாமியும் கேஸுக்காரனும் இன்னும் ரெண்டு பேரும் சேந்துட்டு, தள்ளி ஸ்டார்ட் பண்றோம்னு கெளம்பியிருக்காங்க. ஆட்டோமேட்டிக் வண்டியத் தள்ளுனா ஸ்டார்ட் ஆகுமாங்க தம்பி? உலகத்துல எங்கயாச்சும் ஆகுமா? துரைசாமி அந்தக் காலத்து டிராக்டர் ஓட்டுன ஆளு. இறக்கத்துல வுட்டுக் கியரப் போட்டா புடிச்சுக்கும்னு அவருக்கு நெனப்பு. இந்த வீதி முனை வரைக்கும் தள்ளி, அங்கிருந்து துரைசாமி ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு, குளத்துக்கு எறங்கற ரோட்டுல உருட்டி வுட்டிருக்காங்க. வண்டி பாட்டுக்குப் போயி அடியில குளத்து மதகுகிட்ட நின்னுருச்சு. திரும்ப மேல தள்ள முடியுங்களா? இதென்ன பொட்டி வண்டியா? முழு இரும்பு. அதுக்குள்ள, போன் போட்டு வரச்சொல்லியிருந்த ஆம்புலன்சு ஊட்டு வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிச்சுட்டு இருக்குதாம். இங்க ஆளில்ல. நோயாளி குளத்துல. கடைசீல தக்காளி எறக்கிட்டு வந்த குட்டியானை லாரி ஒண்ண நிறுத்தி, அதுல தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க.

தக்காளி வண்டியிலங்க. காப்பிப்பொடி நெறத்துல சீட்டுத் தெச்சு, ரெண்டு ஃபேன் போட்டு ஏசி வெச்சு, நானு ராணியாட்ட வெச்சிருந்த பொம்பள, தக்காளிச் சாறு ஒழுகற பலகையில படுத்துட்டுப் போனா. என்ற நெஞ்சு ஆறலீங்க. இன்னிக்கு வரைக்கும் ஆறல.

சித்த முன்னாடி கொண்டாந்திருந்தாப் பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க எல்லாருக்கும் அததான் சொல்லுவாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேரறப்ப மூஞ்சிய மூடிட்டாங்க. கண்ணாடிப் பொட்டணம் என்ற கையிலயே இருக்குது. எங்க வெக்கறதுன்னு தெரியாம அவ காலுகிட்டக் கட்டில் மேல வெச்சேன். அதப் பாத்துட்டுத்தான் சபரீஷ் வெளிய எந்திரிச்சுப் போனான்.

அப்புறம் சுடுகாட்டுல. மின்மயானந்தான், உள்ளார வுட்டுட்டுக் கதவ மூடிட்டாங்க. ஒறம்பரையெல்லாம் குளிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. நானும் அவனும் மட்டும் வேப்பமரத்தடியில நிக்கறோம். மொட்டத்தலையோட கிட்ட வந்தான். எனக்கு மனசு உருகிப்போச்சுங்க. அழுகப்போறான், தோள்ல சாச்சுக்கலாம்னு கையக்கூடத் தூக்கிட்டேன். அவன் மெதுவாக் கேக்கறான், "அப்பா, இப்பப் பக்கத்துல யாரும் இல்ல. இப்பச் சொல்லுங்க, அந்த சுவிட்சு எங்க இருக்குது?"

பெத்த தாயி உள்ளார எரிஞ்சுட்டு இருக்கறப்பக் கேக்கற கேள்வியாங்க இது? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "உனக்கு வண்டிதான் வேணும்னா வண்டிய எடுத்துக்கோ, அதுக்கு இந்த எடமாடா கெடச்சுது?"ன்னு கேட்டுப்போட்டேன். அவன் என்னைய ஒரு பார்வ பாத்தான். திரும்பி நடந்தான். போனவன் போனவந்தான். கருமாதிக்கு வந்தான், என்ற மூஞ்சியப் பாக்காம முடிச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம் இந்த விளம்பரந்தான்.

சொல்லல. சுடுகாட்டுல வெச்சு சுவிட்சு எடத்த எதுக்குச் சொல்லோணும்?

அந்த ஹெட்லைட்டுக் கண்ணாடியா? மாட்டலீங்க. உள்ள பேப்பர்ல சுத்துனாப்புலயே இருக்குது. வண்டி எடுத்தா அதையும் சேத்துத் தந்தர்றேன். எடது லைட்டு மட்டும் கோடு ஓடாமத்தான் இருக்கும், நீங்க மாட்டிக்குங்க.

தள்ளுனதுல கியர்பாக்ஸுக்கும் சேதாரந்தான். உருண்டுட்டு இருக்கறப்பவே துரைசாமி கியரப் புடிச்சு டி-யில இழுத்துட்டாரு. அதுக்கு ஜக்கரியா தனியா வேல பாத்தாரு. இப்ப ஒரு கொறையும் இல்ல. இன்னமும் நித்தமும் நாந்தான் எடுக்கறேன். மார்க்கெட்டுக்குப் போறேன், ஒத்தக் கத்திரிக்கா வாங்கிட்டு வர்றேன். ஒருத்தனுக்கு எத்தன வேணும்? ஏசி போட்டா முன்சீட்டுல பக்கத்துல ஆளில்லாம அந்தக் காத்து சும்மா வீசுது. அந்தப் பக்கம் காத்து வர்ற மூடிய மூடி வெச்சரலாம்னு பாக்கறேன், கை வர மாட்டீங்குது.

குளத்துல இருந்து வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்த அன்னிக்குப் பின்சீட்டச் சுத்தம் பண்ணுனேன். இந்தக் கதவுப் பக்கம் தல வெச்சுப் படுத்திருக்கறா. அவ மூக்குக் கண்ணாடி கீழ வுழுந்து கெடந்துச்சு. எங்க கெடந்துச்சு தெரியுங்களா? அந்த சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளி. கையத் தொங்கப் போட்டிருந்தாப் பட்டிருக்கும். அவளுக்குத் தெரிஞ்சிருந்தா... செரி வுடுங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு மேல கேக்காதீங்க.

இப்பக் கேக்கறேன், சொல்லுங்க தம்பி. வண்டி தெரிஞ்சவரு நீங்க. ஆட்டோமேட்டிக்கத் தள்ளுனது தப்புதானுங்க? வண்டியத் தொடாம வாசல்லயே இருந்திருந்தா ஆம்புலன்சுல போயிருப்பாளா இல்லையா? திருப்பிக் கூப்புடுன்னு சொன்னவன் மேல தப்பா, கூப்புடாதவன் மேல தப்பா?

என்னங்க, டம்ளரையே பாத்துட்டு இருக்கறீங்க? டீ வேற ஆடை கட்டிப்போச்சு. உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் இப்படித்தான், கேட்டா வாட்சப் பாக்கறாங்க. ஒரு வார்த்த, 'தள்ளுனது தப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்த. அது சொல்ல என்னங்க நோவுது?

அட, எங்க எந்திரிச்சீங்க? இருங்க இருங்க. இத்தன தூரம் வந்துட்டு இஞ்சின் சத்தம் கேக்காமப் போனா எப்படி? ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு வண்டியிலயா மனுசங்ககிட்டயான்னு. இந்தாங்க சாவி, நான் சுவிட்சத் தட்டற வரைக்கும் நீங்களே கையில வெச்சிருங்க. சித்த அந்தச் செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுக்குங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல நம்பிக்க இல்லாம இல்ல. ஒரு பழக்கந்தான். ஏனுங்க, வாசல் கேட்டுகிட்ட நிக்கறது யாரு, உங்க டிரைவருங்களா? அவரையும் ரோட்டுப் பக்கம் போகச் சொல்லுங்க.

ஆங், அப்படியே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது.